மடத்துக்கு நேர்ந்த சேவல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கோழிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. நாளைக்குக் குழம்பாகப் போவதற்குப் பெயர் ஒரு கேடா என்பது அம்மாவின் கட்சி. என் சேவலுக்கு மட்டும் பெயர் உண்டு. துரை. தேயிலைத் தோட்டத்து மேனேஜரைப் போலவே அதுவும் விடிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கும். யார் யார் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் தீனிக்கு வரும். மற்றவர்கள் கை நீட்டினால் கொத்தும். என் மடியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் என்னை மதித்த ஒரே ஜீவன் அதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

தோட்டத்துக்கு மேலே காடு. காட்டுக்கு நடுவே கருங்கல்லால் கட்டிய ஒரு பழைய மடம். வெள்ளைக்காரன் காலத்தில் பெனடிக்டின் சபைத் துறவிகள் கட்டியது. சுற்றியிருந்த காட்டை இயற்கைப் பூங்கா என்று அறிவித்து, நடைபாதை போட்டு, பாசி படர்ந்த மரங்களுக்கெல்லாம் பெயர்ப் பலகை மாட்டியிருந்தார்கள். மடத்தில் கறுப்பு அங்கி போட்ட வயதான துறவிகள் நாலைந்து பேர்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வேதக்காரக் குடும்பங்கள் அங்கே பூசைக்குப் போகும். நாங்கள் மாரியம்மன் ஆட்கள். ஆனால் அவசரம் என்று வந்துவிட்டால் அம்மா அந்தப் பாகுபாடெல்லாம் பார்ப்பதில்லை. கீழே அம்மனிடம் சொல்லிவிட்டு, மேலே மாதாவின் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைப்பார்.

அந்த வருஷம் அப்படி ஓர் அவசரம் வந்தது. கொழுந்து லோரி ஓட்டும் அப்பா காய்ச்சலில் விழுந்தார். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் அம்மாவைத் தனியாக அழைத்து, எதற்கும் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். என்னிடம், அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்கே மாதாவுக்கு உயிரோடு ஒரு சேவல் விடுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சேவல். ஞாயிற்றுக்கிழமை துரையின் காலைக் கட்டி, அம்மா மடத்துக்குத் தூக்கிப் போனார். நான் தரையில் புரண்டு அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் யாரிடமும் சொல்லாமல் மலை ஏறினேன். மடத்தின் பின்பக்கம் கீரைப் பாத்தியில் துரை மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வயதான வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார். அவருக்கு ஆங்கிலம்தான் தெரியும். எனக்கோ பள்ளியில் ஆங்கிலச் செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய திமிர். "என் கோழி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தேவைக்கு அதிகமாகவே அழுதேன்.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. இரவிலிருந்து காலை பூசைவரை அவர்கள் வாய் திறக்காமல் இருப்பார்களாம். துரைக்கு அந்தச் சட்டம் தெரியாதே! நாலு மணிக்கே ஊரைக் கூட்டியிருக்கிறது. பூங்காக் காவலாளி வேறு, காட்டில் வீட்டுக்கோழி கூடாது என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சாமியார் தாமே பிடித்து, என் கையில் கொடுத்து, தலையில் தட்டி அனுப்பினார்.

வெற்றி வீராங்கனையாக வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா அப்போதுதான் மலைக்காட்டில் கொழுந்து பறிக்கும் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சாமியாரே திருப்பிக் குடுத்துட்டாரும்மா!"

அம்மாவின் முகம் செத்துப்போனது. நேர்ந்துவிட்டது திரும்பி வந்தால் சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். எங்கள் லயத்தில் அதைவிடப் பயப்படும் சேதி வேறில்லை.

"அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ணிட்டு வந்துருக்கே! உங்கப்பா இன்னும் ஆஸ்பத்திரியிலதான்லா கெடக்குறாரு!"

ஒரு காலில் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, சேவலை அக்குளில் இடுக்கி, இன்னொரு கையால் என்னை இழுத்துக்கொண்டு மலை ஏறினார். மறு காலில் வெறும் செருப்பு. 

மாலைப் பிரார்த்தனை முடியும்வரை வாசலில் காத்திருந்தோம். அதே சாமியார் வெளியே வந்தார். அம்மா சேவலை நீட்டினார். அவர் சிரித்தபடி கையை ஆட்டி மறுத்தார்.

"சொல்லுடி," என்றார் அம்மா. "இது எம் புருஷன் உசுருக்காக மாதாவுக்கு நேந்தது. புள்ள தெரியாம எடுத்துட்டு வந்துருச்சு. வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்கன்னு சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் துரை போய்விடும். ஆகவே ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: "கோழி சத்தம் போட்டதற்கு அம்மா மன்னிப்புக் கேட்கிறார். நாங்கள் அதை வீட்டுக்கே கொண்டுபோகிறோம்."

சாமியார் அம்மாவைப் பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. "இதைச் சொல்லவா உன் அம்மா இப்படி அழுகிறார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டிச் சேவலை வாங்கி, அதன் தலையில் சிலுவை போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். பேச்சுத் தவறிய கிழவர் என்று மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

இறங்கும்போது அம்மா கேட்டார்: "நான் சொன்னத ஒன்னு விடாம சொன்னியாடி?"

"சொன்னேம்மா."

தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து முத்தமிட்டார். பொய் மாட்டிக்கொள்ளாத நிம்மதி எனக்கு.

அடுத்த வாரம் அப்பா வீட்டுக்கு வந்தார். பாதி உடம்புதான் திரும்பியிருந்தது. மகள் இங்கிலீஷ் பேசி மாதாவைச் சம்மதிக்க வைத்த கதையை அம்மா அவரிடம் சொன்னார். அதற்குள் லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"எம் மக குடுத்த உசுரு," என்றார்.

நல்ல சமயம் என்று பட்டது. "அப்ப எனக்கு வேற சேவல் வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்களா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.