இருட்டுமுன் வீடு திரும்பும் குதிரைவீரன்

பாலேந்திரா அண்ணையைப்போல வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு குதிரைவீரனை டென்மார்க்கில் எவரும் கண்டிருக்கமாட்டார்கள். கூட இருந்து பார்த்தவன் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. ஸ்கீவ நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் அவரும் நானும் குடியிருந்தோம். நான் தனிக்கட்டை. அவருடைய மனைவி விமலராணியும் மகள் அஜந்தினியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில். எங்களுடைய ஆட்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதனால் டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? தான்தான் ஏதோ பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டதாக அண்ணை தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

நாங்கள் வேலை செய்த மரத்தளபாடத் தொழிற்சாலையில் கார்ஸ்தன் என்றொரு டேனிஷ் பொடியன் இருந்தான். தோள்வரை தலைமயிர். சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டு நடத்துவான். பழைய காலத்து இராச்சியம், மந்திரம், நெருப்புக் கக்கும் நாகம் எல்லாம் அதில் உண்டு. ஆளுக்கொரு வேடம். கார்ஸ்தன் கதையைச் சொல்லுவான், மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். டேனிஷ் பழகலாம், வாருங்கள் என்று எங்களையும் கூப்பிட்டான். நான் கேக் தின்னப் போனேன்.

"மந்திரவாதி, கள்வன், போர்வீரன். உனக்கு எது வேண்டும்?" என்று அண்ணையைக் கேட்டான்.

அண்ணை நன்றாக யோசித்தார். "இதில் யாருக்கு வீடு இருக்கிறது?" என்று கேட்டார்.

பொடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படி ஒருவரும் கேட்டதில்லையாம். கடைசியில் அவரை ஒரு ரிடர் ஆக்கினார்கள். ரிடர் என்றால் அரசனுக்காகக் குதிரையேறிச் சண்டைக்குப் போகிறவன். பெரிய பிரபு ஒன்றும் இல்லை, ஒரு கல்வீடு, கொஞ்ச நிலம், ஒரு கிழட்டுக் குதிரை. அவ்வளவுதான் சொத்து.

மற்றவர்கள் வாளும் கேடயமும் தேடிக்கொண்டிருக்க, அண்ணை கட்டம்போட்ட தாளில் வீட்டைக் கீறினார். சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் கிணறு. கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். மகளுக்கென்று தனியறை, வெயில் விழுகிற பக்கமாக. மனைவிக்கும் மகளுக்கும் சொந்தப் பெயர்களையே வைத்தார். பொடியன்களுக்கு அது தெரியாது. "ஃப்ரூ விமலா", அதாவது திருமதி விமலா, என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஃப்ரூ விமலா எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுப்பா.

அண்ணையிடம் ஒரேயொரு நிபந்தனை இருந்தது. எங்கே போனாலும் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். நாகம் இருந்த மலையோ போய்வர மூன்று இரவு செல்லும். ஆகவே அந்த நாகம் மாதக்கணக்காக நிம்மதியாக வாழ்ந்தது.

விளையாட்டு முடிந்து கடற்காற்று முகத்தில் அடிக்க நடந்து வருவோம். "அஜந்தினிக்கு இண்டைக்கு ஒரு குட்டிக் குதிரை வாங்கிக் குடுத்தனான்," என்பார்.

"அதுக்கு ஆர் அண்ணை வைக்கல் போடுறது?" என்று நான் பகிடி விடுவேன்.

"விமலா போடுவா. அவவுக்கு மிருகமெண்டால் விருப்பம்."

வீட்டுக்கு வந்ததும் அந்த முகம் மாறிவிடும். யன்னலடியில் நின்றபடியே சாப்பிடுவார். மேசையில் இருந்து சாப்பிடச் சொன்னால், வெறுமையாக இருக்கிற மற்றக் கதிரைகளைப் பார்க்க ஏலாது என்பார்.

ஒக்ரோபரில் ஒரு கிழமை முழுக்க லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தும் பதிலில்லை. அந்தச் சனிக்கிழமை கார்ஸ்தனுக்கும் பொறுமை போய்விட்டது. ரிடரை எப்படியும் மலைக்கு அனுப்பவேண்டுமே.

"நீ திரும்பி வருகிறாய். வீடு எரிகிறது. கொள்ளைக்காரர்கள். மனைவியும் மகளும் செத்துக் கிடக்கிறார்கள்," என்றான். அண்ணை இப்போது வாளை உருவுவார் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை யார் கண்ணால் கண்டது?" என்று கேட்டார் அண்ணை.

"நான்தானே கதை சொல்கிறவன். நான் முடிவு செய்தால் சரிதான்."

அண்ணை எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் கார்ஸ்தன் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்?" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"விமலா அவருடைய உண்மையான மனைவி, மடையா! விசா இல்லாமல் கொழும்பில் கிடக்கிறா!" என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் கத்தினேன்.

அவன் முகம் சிவந்துபோய்விட்டது. "எனக்குத் தெரியாது. நடந்ததெல்லாம் கனவு என்று மாற்றிவிடுகிறேன்," என்றான்.

"கனவு வேண்டாம்." அண்ணை சொற்களைத் தேடித்தேடிப் பேசினார். "வீடு எரிந்தது எரிந்ததுதான். ஆனால் அவர்கள் உள்ளே இருக்கவில்லை."

"அப்போது எங்கே இருந்தார்கள்?"

"இன்னும் வந்து சேரவில்லை."

"இவ்வளவு நாளும் ஃப்ரூ விமலா எங்களுக்குச் சாப்பாடு கட்டித் தந்தாரே?"

"அது நான் சும்மா சொன்னது," என்றார் அண்ணை.

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர்களைக் காப்பாற்ற அந்த மனிதனுக்கு வேறு வழி தெரியவில்லை.

லொட்ஜின் தொலைபேசி பழுதாகிக் கிடந்தது என்பது அடுத்த கிழமை தெரிந்தது. தாயும் பிள்ளையும் சுகமாகத்தான் இருந்தார்கள். இங்கே வந்து சேர மேலும் இரண்டு வருடம் சென்றது.

நான் மறக்காதது, அவர்கள் சுகம் என்று தெரிந்த பிறகு வந்த சனிக்கிழமையை. அண்ணை மறுபடியும் விளையாடப் போனார். மலைக்குப் போய்வர மூன்று இரவு ஆகும், வேண்டுமானால் வேறு கதை தொடங்கலாம் என்று கார்ஸ்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அண்ணை பகடையைக் கையில் எடுத்தார்.

"போவோம்," என்றார். "எத்தனை இரவானாலும் பரவாயில்லை. வீட்டில் ஒருவரும் வழி பார்த்துக்கொண்டிருக்கவில்லை."