வெந்நீர் காணாத பீன்ஸ்

எங்கள் வீட்டு ஆசாரம் சமையலறைக்கும் பெருமாள் அலமாரிக்கும் நடுவே இருந்த இடத்தில் மட்டும் குடியிருந்தது. வாசல்படி தாண்டினால் அதற்கு வேலை கிடையாது. அம்மா ஆபீசுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஆயிரம் பேர் இடித்தாலும் அவள் பையிலிருந்த எலுமிச்சை சாதத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. தசரா பொருட்காட்சியில் நின்றபடியே டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுவிட்டு, யார் வீட்டு எண்ணெய், யார் கை என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே தெரிகிறது, குற்றமாகத்தான் சொல்கிறேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, கொள்ளேகாலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு மைசூருக்கு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அத்திம்பேர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை குட்டி கிடையாது. புகுந்த வீட்டார், அண்ணா இருக்கும்போது எங்களுக்கென்ன என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குத் தான் கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை அடுப்படியே கதி என்று கிடந்தவள், அத்தை கலந்து வைத்த காபியைக் குடித்து, அத்தை கட்டிக்கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு, கஞ்சி போட்ட புடவையில் கிளம்புவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். சம்பள நாளில் அம்மாவின் நடையே வேறு. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். எல்லோரும் என்று அத்தையையும் சேர்த்துத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு தானியக் கடையின் மாடியில் மகளிர் சங்கம் ஒன்று இருந்தது. காய்கறியும் பழமும் உலர்த்தக் கற்றுத்தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, மத்தியானத் தளிகை முடிந்தபின் அத்தை அங்கே போய்வர ஆரம்பித்தாள். பொழுது போகட்டுமே என்று அம்மாதான் அனுப்பினாள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்ச நாள் என்று ஓர் உலர்த்தும் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தார்கள். அலுமினியப் பெட்டி. உள்ளே வலை அடித்த தட்டுகள், அடியில் ஹீட்டர் கம்பி, முதுகில் சின்ன மின்விசிறி. இதில் உலர்த்தியதைப் பாட்டிலில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டவேண்டும். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவர்களுக்குச் சாமராஜநகரில் சங்கம் திறக்கப்போகிற உலர்த்துக்கூடத்தில் வேலை.

கோடை விடுமுறை. நான்தான் அத்தைக்கு எடுபிடி. காரட்டைத் தோல் சீவி ஒரே கனத்தில் வட்டமாக நறுக்கவேண்டும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் மெலிந்தது கருகும்போது தடித்தது ஈரமாகவே இருக்கும். நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தை நறுக்கி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டெடுத்தால் கறுக்காது. தட்டில் பரப்பும்போது ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறக்கூடாது. அந்த வேலை என்னுடையது. பீன்ஸ், பட்டாணி, காரட், நூக்கல் இவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, சட்டென்று எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஈரம் ஒற்றித் தட்டில் பரப்பவேண்டும். இந்த வெந்நீர் முழுக்குப் போடாத காய் காய்ந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும், போகப்போக நிறமும் மணமும் கெட்டு, ஊறவைத்தாலும் மெல்ல முடியாமல் போய்விடும் என்று அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாத காலம் அது. போனால் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல.

முதல் தடவை உலர்த்திய பீன்ஸை வெந்நீரில் போட்டு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் சுருக்கமெல்லாம் விட்டுப் பச்சையாக எழுந்துவந்தது. தேங்காய் போட்டுக் கறியமுது செய்தாள். அம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அத்தை துணி மூட்டையை முக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் எடுத்துவை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். கை பழக உலர்த்திய அதெல்லாம் சமைத்தே தீர்ந்துவிட்டது, சங்கத்துக்குக் காட்டவேண்டியதை இனிமேல்தான் உலர்த்தவேண்டும்.

சாமராஜநகர் வேலையோடு தங்க ஓர் அறையும் உண்டு என்று அத்தை முதலில் என்னிடம்தான் சொன்னாள். காரட் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கூடத்துக்குப் பின்பக்கம் அறையாம், ஜன்னல் இருக்கிறதாம், ஸ்டவ் வைத்துக்கொள்ள மேடை இருக்கிறதாம்.

"எனக்குன்னு ஒரு சாவி இருக்கும்டீ" என்றாள்.

சாவியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டுச் சாவி வாசல் நிலைமேல் ஆணியில் தொங்கியது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விடுமுறைக்கு அங்கே வரலாமா என்று கேட்டேன். நீ வராமல் யார் வருவார் என்றாள்.

ஒரு சனிக்கிழமை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பரிமாறிக்கொண்டே அத்தை அந்த அறை விஷயத்தைச் சொன்னாள். தேர்வானால் அங்கேயே போய் இருக்கவேண்டியிருக்கும் என்றாள். அப்பா பேஷ் என்றார். அம்மா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை அம்மா சமையலறைக்கு வந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, துணி மூட்டையில் பீன்ஸ். அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தண்ணீரில் வெந்தது பத்தாயிற்றே என்றாள். பத்து என்றால் சமைத்த பண்டத்தின் தீட்டு. தொட்ட கையைக் கழுவாமல் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. சமைத்ததை அன்றன்றைக்கே தீர்த்துவிடவேண்டும், மறுநாளைக்கு வைத்தால் பழையது. அதை ராத்திரி முழுக்கப் பெருமாள் அலமாரிக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டிக் காயவைப்பதா, பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதா என்று கேட்டாள்.

அத்தைக்கு முதலில் விளையாட்டாகத்தான் பட்டிருக்கும். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வடாத்துக்கு மாவைக் கிளறித்தானே காயப்போடறோம், மன்னி. அது பத்தில்லையா?"

"அதைச் சூரிய நாராயணன் காயவைக்கறான். இது கரண்டு."

இந்தப் பதிலை நினைத்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். நல்ல பதில். எந்தப் பண்டிதராலும் இதற்குமேல் பேசமுடியாது. உப்புப் போடவில்லையே, வெறும் வெந்நீர்தானே என்று சொல்லிப் பார்த்தாள் அத்தை. வெறும் வெந்நீரில்தான் அரிசியும் வேகிறது என்றாள் அம்மா. கொல்லையில் செங்கல் வைத்து முக்கிக்கொள்கிறேன் என்றாள் அத்தை. கொல்லையில் வெந்தாலும் உள்ளேதானே வரவேண்டும் என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அம்மா அத்தை சமைத்ததைத் தொடவில்லை. பத்துக் கையோடு புழங்குகிறவள் செய்த தளிகை வேண்டாம் என்று ஆபீசுக்கும் லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் சுவரோரமாகப் படுத்துவிட்டாள். பட்டினி. பட்டினி என்றால் காலையில் பால், நடுவில் இரண்டு பழம், சாயங்காலம் ரவா உப்புமா. அதைத் தானே எழுந்துபோய் நெய்விட்டுக் கிளறிக்கொண்டாள். உப்புமா பலகாரம், அதனால் கணக்கில் வராது. ஆனாலும் அவள் படுத்திருந்த படுக்கை எங்கள் எல்லோரையும் கலங்கடித்தது. அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துபோனார். நான் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டேன். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயந்து பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலை நினைத்தால் இப்போதுகூட எரிச்சலாக வருகிறது.

அப்பா கடைசியில் நியாயம் சொல்ல வந்தார். இரண்டு பட்டம் வாங்கியவர். பெட்டியையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேர வெந்நீர்லே அப்படி என்ன இருக்கு? அது இல்லாமயே காயவெச்சுப் பாரேன்" என்றார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அது இல்லாமல் முடியாது என்று ஊரில் இருக்கிற யாருக்கு வேண்டுமானாலும் அத்தை எடுத்துச் சொல்லியிருப்பாள். சாப்பாடு போடுகிற அண்ணாவிடம் சொல்லவில்லை. சரி என்றாள்.

அப்படித்தான் பீன்ஸும் பட்டாணியும் காரட்டும் பச்சையாகவே பெட்டிக்குள் போயின. அம்மா எழுந்து குளித்து, அத்தை வடித்த சாதத்தைச் சாப்பிட்டு, ஆபீசுக்குப் போனாள். நான் வழக்கம்போலத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். எடுத்தபோது பார்க்க அழகாகவே இருந்தன. பார்த்தாயா, வெந்நீர் இல்லாமலே வந்துவிட்டதே என்று நான் குதித்தேன். அத்தை பாட்டில்களில் நிரப்பி மூடினாள். அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், கீழே வைப்பாள். நாளாக ஆகப் பீன்ஸ் வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சங்கத்துக்குக் காட்டப் போன அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளிடம் இருந்ததிலேயே நல்ல புடவை, சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்டது, அதைக் கட்டியிருந்தாள். மண்டி மொஹல்லாச் சந்தில் மூட்டை வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி மாடி ஏறினோம். கண்ணாடி போட்ட கன்னட மேடம் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வகுப்பிலேயே முதல் ஆள் இவர்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

வாழைப்பழம் நன்றாக இருக்கிறது என்றார். தக்காளியும் பரவாயில்லை. பீன்ஸைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைத்தார். எல்லோரும் காத்திருந்தோம். திறந்து ஒரு துண்டை விரலால் நசுக்கினார். நசுங்கவில்லை. மோந்து பார்த்தார். வாயில் போட்டு மென்றுவிட்டு நாசூக்காகக் கைக்குட்டையில் துப்பினார். காரட்டையும் அப்படியே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, என்னவோ ஏமாற்றம்தான். வெந்நீரில் முக்கவே இல்லையா, ஏன், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. எங்கள் அம்மா விடவில்லை மேடம் என்று சொல்லிவிடலாம், இவர் நல்லவராகத் தெரிகிறார், இன்னொரு தடவை செய்துவரச் சொல்வார். வாயைத் திறந்தும்விட்டேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மரெத்துபிட்டே, மேடம்" என்றாள்.

மறந்துவிட்டாளாம். ராத்திரி பகலாகப் பெட்டி பக்கத்தில் கிடந்தவள் மறந்துவிட்டாளாம். மேடம் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். மறதிக்காரர்களிடம் ஒரு கூடத்தை எப்படி ஒப்படைப்பது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். பெட்டியை எடுத்துவர நாளைக்கு ஆள் அனுப்புவதாக வேறொருத்தி சொன்னாள். கீழே இறங்கி வந்தபின் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். ஆத்து விஷயத்தை வெளியில் சொல்வார்களா என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்து, சாமராஜபுரம் தாண்டும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அம்மா ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். வாசலிலேயே என்னவாயிற்று என்று கேட்டாள். இல்லை என்று அத்தை தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் அம்மாவைப்போல ஒருத்தி உண்டா என்று எனக்குத் தோன்றியது. அத்தையைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. தானே அடுப்பு மூட்டி, கள்ளிச்சொட்டாகக் காபி கலந்து ஆற்றிக் கையில் கொடுத்தாள். தக்காளிச் சாத்தமுதும் உருளைக்கிழங்குக் கறியமுதும் செய்தாள். என்றைக்கும் எல்லோரும் எழுந்தபின் உட்காருகிற அத்தையை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறினாள். பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத ஒரு கைத்தறிப் புடவையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். அம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"ஊர் பேர் தெரியாத எடத்துலே தனியாப் போய் என்ன பண்ணப்போறே? உனக்கு நாங்க இல்லையா?" என்றாள்.

அப்பா, அதானே, என்றார்.

அத்தை சாத்தமுது சாதத்தைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். பிறகு, "நாளைக்குக் காலம்பர என்ன தளிகை பண்ணட்டும், மன்னி?" என்று கேட்டாள். சேனைக்கிழங்கு இருக்கிறது, மசியல் பண்ணிவிடு, எனக்கு டப்பாவுக்குத் தனியாகக் கொஞ்சம் எடுத்துவை என்றாள் அம்மா.

எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை எங்கேயும் போகவில்லை, அம்மா பட்டினி கிடக்கவில்லை, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அம்மா ஏன் அன்றைக்கு மட்டும் அவ்வளவு நல்லவளாக இருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் என்னைத் தவிர மற்ற மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.