படிக்கிற பிள்ளையின் தட்டு

போன வாரம் மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் கணக்கு டீச்சர் தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார். பெயர் சொன்னால் உங்களுக்கும் தெரிந்துவிடும், அப்படி ஒரு நடிகை. முகத்தில் பூச்சு எதுவும் இல்லாமல், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பல வருடங்களாகத் தான் சாப்பிட்டதையெல்லாம் ரகசியமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் நடுங்கவில்லை. கையில் இருந்த தலையணையை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாத்தியளா டீச்சர், வேலையத்தவளுக்கு வாற சீக்கு. நமக்குத் தின்ன சோறு செமிக்கவே நேரமில்ல, இதுல வாந்தி எடுக்க எங்க நேரம்?" என்றார் கணக்கு டீச்சர்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். மீன் புளிமுளக் குழம்பின் மணம் மேசை முழுக்கப் பரவியது. கணக்கு டீச்சர் சுசீந்திரத்துக்காரர், சுத்த சைவம். ஆனாலும் என் பாத்திரம் திறக்கும்போது அவர் நாற்காலியை நகர்த்திக்கொள்வதில்லை. இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைக் கண்டதும் மற்றவர்கள் நகர்ந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. அதனால்தான் அவர் சிரித்தபோதும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அன்று அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லப் பலமுறை முயன்றிருக்கிறேன், வரவில்லை. முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்து, நாகர்கோவிலில் ஒரு பெரிய பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். சுனாமி முடிந்து இரண்டாவது வருடம் அது. காலையில் எங்கள் நிறுத்தத்தில் நான் பஸ்ஸில் ஏறியதும், பின் இருக்கையில் இருக்கும் அதே பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, "ஏட்டி, கடப்புறம் ஏறியாச்சு, ஜன்னலத் தொற" என்பாள். கடப்புறம் என்றால் கடற்கரை ஊர். நான் குளித்து, பவுடர் பூசி, தலையில் பிச்சிப்பூவும் வைத்துத்தான் ஏறுவேன். ஆனாலும் ஜன்னல் திறக்கும். வேதியியலில் வகுப்பிலேயே முதலாவதாக நிற்கிறவளுக்கு அந்த ஜன்னல் சத்தம் காதில் விழாதது போல நடிப்பதுதான் கடினமான பாடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். நல்ல மீன் கிடைத்தால் ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவது சாளையும் நெத்திலியும்தான். நான் பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு அது மாறியது. வலையில் நெய்மீன், அதாவது வஞ்சிரம், பட்டால் ஒரு துண்டை அப்பா எனக்கென்று ஒதுக்கிக் கொண்டுவருவார். அம்மா அதை எனக்குத்தான் விளம்புவாள். எங்கள் பக்கம் பரிமாறுவதை அப்படித்தான் சொல்வோம். அண்ணன் ஆறாவதோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன். அவன் தட்டில் சாளை, என் தட்டில் நெய்மீனின் நடுத்துண்டு.

"எனக்கும் ஒண்ணு வையேன்," என்பான்.

"ஒனக்கு எதுக்குல? அவ படிக்கிற பிள்ள, தின்னட்டு," என்பாள் அம்மா. மீன்தலை தின்றால் தலை நன்றாக வேலை செய்யும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. என் தலைக்குள் எத்தனை மீன்தலைகள் போயிருக்கின்றனவோ! வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கரண்டியோடு எதிரேயே குத்தவைத்திருப்பாள். தட்டில் இடம் தெரிந்தால் நிரப்பிவிடுவாள். அவளுக்கு எழுதத் தெரியாது. என் படிப்பில் அவள் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதனால் முழு மூச்சோடு செய்தாள்.

முதல் முறை அது தானாகத்தான் நடந்தது. அன்று பஸ்ஸில் ஒருத்தி கைக்குட்டையால் மூக்கையே மூடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மா வைத்த துண்டைத் தின்று முடித்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது, கழுவிவிட்ட பாத்திரம் போல இருந்தேன். உள்ளே மீன் இல்லை, அப்படியானால் மணமும் இருக்காது. அறிவியல் பாடம் எடுத்த பெண்ணின் கண்டுபிடிப்பைப் பாருங்கள்! அதன் பிறகு நானாக வரவழைத்தேன். எப்படி என்பதை எழுதப் போவதில்லை. இதை வாசிப்பவர் எந்த நிலைமையில் இருக்கிறாரோ தெரியாது. அந்த நடிகைக்குக் கேமராவுக்காக மெலிய வேண்டியிருந்தது. எனக்கு மெலிவு பின்னால் வந்தது. வந்த பிறகு அதுவும் பிடித்துப்போனது. கடைசியில் எதற்காகச் செய்கிறேன் என்பதே மறந்து, செய்யாமல் இருக்க முடியாது என்பது மட்டும் மிஞ்சியது.

பழைய வீடாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அலை இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். சுனாமி அந்த வீட்டைக் கொண்டுபோன பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு கரையிலிருந்து தள்ளி இருந்தது. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். எங்கள் கழிப்பறைக்கும் சூசைமேரி அக்காளின் அடுக்களைக்கும் ஒரே சுவர்.

அந்த அக்காள் ஒரு நாள் குழாயடியில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "ஒனக்க மொவளுக்கு அடிக்கடி வாந்தியாக்கும்?"

எங்கள் ஊரில் கல்யாணமாகாத பெண் வாந்தி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கரண்டியோடு எதிரே உட்கார்ந்து என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்த மாசம் குளிச்சியா?"

குளிக்கவில்லை. போன மாதமும் இல்லை. உடம்பு வற்றினால் மாதவிலக்கும் நின்றுபோகும் என்று அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"நாளைக்கழிச்சு நர்சம்மாக்கிட்ட போணும். இனி ஸ்கூலுக்குப் போவண்டாம்."

"அம்மா, திங்கக்கெழம பரிச்சை."

"பரிச்சையா? ஊரு சிரிக்கப் போவுது, இவளுக்குப் பரிச்சை!"

அண்ணனுக்கும் சொல்லிவிட்டாள் போல. அவன் வந்து வாசலை மறித்து நின்றான். "எவன்னு மட்டும் பற. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." எந்த எவனைச் சொல்வது? அப்பாவுக்கு மட்டும் வயிற்று வலி என்று சொல்லி வைத்திருந்தார்கள். பள்ளிச் சீருடை கொடியிலேயே கிடந்தது. ஒரு பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்த எங்கள் ஊரில் இவ்வளவுகூடத் தேவையில்லை.

நர்சம்மாவிடம் போக வேண்டியதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் கரை முழுவதும் ஷீபாதான். உள்ளூர் கேபிள் சேனலில், நேயர்கள் போன் போட்டுக் கேட்கும் பாட்டைப் போடுகிற பெண். குழித்துறைக்காரி, பாதி மலையாளம் கலந்த அந்த இழுவைப் பேச்சுக்கே மஸ்கட்டில் வேலைக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களிடமிருந்தெல்லாம் போன் வரும். அவள் கட்டும் சேலை அடுத்த திருவிழாவில் எங்கள் ஊர்ப் பெண்கள் உடம்பில் இருக்கும். அன்றும் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். அப்பா வாசல்படியில். சூசைமேரி அக்காளும் தன் வீட்டு டிவி ரிப்பேர் என்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கமாகக் கூப்பிடும் ஓர் ஆள் லைனில் வந்தார். "ஷீபா மோளே, என்ன இப்பிடி வத்திப் போன? வீட்டுல சோறு கிட்டாதா?"

அவள் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போவாள் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. டிவியில் சத்தம் போய்விட்டதோ என்று அண்ணன் எழுந்து போய் அதன் தலையில் தட்டினான்.

"கிட்டும் அண்ணா, நெறையக் கிட்டும்," என்றாள். "நான்தான் தின்னத எல்லாம் வாந்தி எடுத்துருவேன். ரொம்ப நாளாட்டு. வீட்டுல யாருக்கும் தெரியாது. இப்பம் டாக்டருகிட்ட போறேன். இது சீக்குதானாம் அண்ணா, வேற ஒண்ணும் இல்ல. என்னப் போல ஒரு பிள்ள இதக் கேட்டுட்டு இருந்தா... அம்மாக்கிட்ட சொல்லீரு மோளே. பயப்படாத."

படாரென்று நகைக்கடை விளம்பரம் வந்தது.

"கேட்டியளா கதைய!" என்று சூசைமேரி அக்காள் முழங்காலில் அடித்துக்கொண்டாள். "எந்தப் பொம்பளையாவது சும்மா வாந்தி எடுப்பாளா? உள்ள ஒண்ணு கெடக்கும். டிவியில வந்து மூடுதா." சொல்லிவிட்டு மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழும்பிப் போ சூச. ஒனக்க அடுப்புல என்னமோ கரியுது," என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் அடுப்புல வைக்கேல்லியே!"

"அப்போ போய் வையி."

அவள் போனதும் அம்மா டிவியை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அப்பா இருப்பதை அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"ஏட்டி. அந்தப் பிள்ள பறஞ்ச மாதிரியா?"

ஆமாம் என்றால் பிழைத்தேன். நர்சம்மா இல்லை, அண்ணனின் எவன் இல்லை, திங்கட்கிழமை பரீட்சை எழுதலாம். ஆனால் ஆமாம் என்றால், அண்ணன் தட்டிலிருந்து பறித்து வைத்த துண்டை, அப்பா கடலில் கிடந்து கொண்டுவந்ததை, நான் சாக்கடைக்குக் கொடுத்தேன் என்று அர்த்தம். கெட்டுப்போன பெண்ணைக்கூட எங்கள் ஊர் திட்டித் தீர்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும். கடலில் போகிறவன் வீட்டில் மீனைக் கக்கிக் களைந்தவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கொடியில் கிடந்த சீருடையைப் பார்த்தேன்.

"ஆமா."

"சத்தியமாட்டா?"

"மாதா சத்தியம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. சிலுவை போட்டு விரலை முத்தமிட்டாள். "எனக்க மாதாவே, காப்பாத்திட்டியே," என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் மற்றது அவளுக்குப் புரிந்தது.

"அப்போ நான் வச்ச சோறு..."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசல்படியிலிருந்து அப்பா கேட்டார். "மீனு கொள்ளாதா மக்கா?"

திட்டு இல்லை, கோபம் இல்லை. மீன் நன்றாக இல்லையா என்று, ஏலத்தில் மீனைத் திருப்பிப் பார்த்து வேண்டாம் என்று போகிற வியாபாரியிடம் கேட்பது போலவே கேட்டார்.

"மீனு நல்ல மீனுதான் அப்பா."

"பின்ன?"

அந்தப் 'பின்ன'வுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பார்கள் என்று சொன்னால், யாருடைய மணத்துக்காகத் திறப்பார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அப்பா இப்போது இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

பரீட்சை எழுதினேன். ஒரே நாளில் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அம்மா கூட்டிப்போன டாக்டர் வாயு என்றார், வாழைப்பழம் தின்னச் சொன்னார். அப்பா மீன்தான் சரியில்லை என்று முடிவு செய்து, வாவலும் விளமீனுமாக மாற்றி மாற்றிக் கொண்டுவந்து பார்த்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகு திரும்பவும் மோசமாகி, உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு டாக்டர் கிடைத்த பின்புதான் மெதுவாகச் சரியானது. அவரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் ஷீபாவுடையதுதான். நெறையக் கிட்டும், நான்தான்.

ஷீபா அதைச் சொன்னதற்கு அடுத்த சனிக்கிழமை, டிவியில் அவள் இடத்தில் வேறு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷீபா கல்யாணமாகி துபாய் போய்விட்டாள் என்றார்கள். சேனல்காரர்கள் நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்தச் சேனலே இல்லாமல் போனது. அந்த நடிகையின் வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், தைரியசாலி என்று. எங்கள் ஷீபாவுக்கு அதைச் சொல்ல அன்று ஒருவரும் போன் போடவில்லை. நானும் போடவில்லை, எங்கள் வீட்டில் போன் இல்லை என்பது உண்மை, இருந்திருந்தால் போட்டிருப்பேனா என்பது தெரியாது.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அம்மா எனக்கு விளம்புவதை விட்டுவிட்டாள். மறுநாள் கரண்டியில் மீனை எடுத்து என் தட்டுக்கு மேலே கொண்டுவந்தவள், திருப்பிச் சட்டியிலேயே போட்டாள். சட்டியை என் பக்கம் தள்ளினாள். "வேண்டியத நீயே எடு மக்கா." கோபம் இல்லை, பயம். தன் கைதான் எனக்குச் சீக்கைக் கொடுத்தது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எத்தனையோ தடவை விளக்கிச் சொல்லிவிட்டேன். டீச்சர் வேலை பார்க்கிறேன், நாற்பது பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடிகிறது, அவளுக்கு முடியவில்லை.

இப்போதும் ஊருக்குப் போனால் எல்லோருக்கும் விளம்புகிறாள். அண்ணனுக்கு, அண்ணிக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, வந்து உட்கார்ந்தால் சூசைமேரி அக்காளுக்கும். போதும் போதும் என்று கையால் தட்டை மூடினாலும் விரலிடுக்கில் ஊற்றுவாள். என் முறை வரும்போது சட்டியை வைத்துவிட்டு, உப்பு எடுக்கப் போவது போல உள்ளே போய்விடுவாள். நான் சாப்பிடுவதை அவள் பார்ப்பதில்லை. கொஞ்சம் விளம்பும்மா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தட்டை நீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். பிறகு நானே எடுத்துக்கொள்கிறேன், அனேகமாகச் சின்னத் துண்டாக.