வேஸ்ட் குடோனில் ஏழு பிள்ளைகள்

வேலம்பாளையத்தில் மயிலாத்தாளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு. பிள்ளையைப் பனியன் கம்பெனிக்கு அனுப்புகிற வீடாகப் பார்த்து வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் வாயோ ஏழு ஊருக்குக் கேட்கும். அவளைத் திட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

1967இல் நான் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். குண்டடம் பக்கம் மழை பொய்த்து, பிழைக்க வந்த மயிலாத்தாள் அங்கே வேஸ்ட் குடோனைப் பார்த்துக்கொண்டாள். வெட்டியது போக மிஞ்சும் துணியைத் தரம் பிரித்து மூட்டை கட்டுவது அவள் வேலை. குடோன் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். பேக்டரி இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தால், டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பிள்ளைகளைக் குடோனுக்குள் தள்ளிப் பூட்டுவதும் அவள்தான். அவர் போனதும் திறந்துவிடுவாள். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போயிருந்தது. பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டேதான் ஓடும்.

ஒரு நாள் ஜீப் வந்தபோது அப்படி ஓடிய ஏழு பேரில் என் மகள் வேலுமணியும் ஒருத்தி. தாயில்லாப் பிள்ளை. வயது ஒன்பது.

பூட்டிய பிறகுதான் மயிலாத்தாளுக்கு உறைத்தது. மழையில் நனைந்து வந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைக் காலையில் அந்தக் குடோனில்தான் இறக்கியிருந்தார்கள். கதவிடுக்கில் நெடி வந்தது. உள்ளே ஒரு பிள்ளை இருமியது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் இருமின.

மேஸ்திரி கிட்டுசாமியிடம் ஓடினாள். "ஏனுங்க, புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுதுங்க. தொறந்துரட்டுங்களா?"

"இன்ஸ்பெக்டரு ஆபீஸ் ரூம்ல காப்பி குடிச்சுட்டு இருக்காரு. சித்த நேரம் சும்மா இரு அம்மிணி" என்றார் கிட்டுசாமி. மெஷின்களை நிறுத்தாமல் ஓட்டும்படி எங்களுக்குக் கை காட்டினார். அந்தச் சத்தத்தில் இருமல் கேட்கக் கூடாதாம்.

ஓட்டினோம். நானும் ஓட்டினேன். குடோன் கதவை ஒட்டித்தான் என் மெஷின். என் மகளின் இருமல் எனக்குத் தனியாகக் கேட்டது. எழுந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மெஷினை விட்டுக் காலை எடுக்கவில்லை. தூ, நானெல்லாம் ஒரு தகப்பன்!

காப்பி முடிந்து இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் வந்தார். ஒவ்வொரு மெஷினாக நின்று பார்த்தார். அதற்குள் இருமல் அடங்கிவிட்டது. உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே வந்த கிட்டுசாமியைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகப் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே விழுந்தன. கடைசியாக வேலுமணியை அவளே தூக்கி வந்தாள்.

ஓடி வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து, "உனக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார்.

கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டே என் மகள் சொன்னாள்: "பதினஞ்சுங்க."

அப்படிச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தவன் நான்.

"பொய்யிங்க" என்றாள் மயிலாத்தாள். "புள்ளைங்கள உள்ள வெச்சுப் பூட்டுனது நாந்தானுங்க, எழுதிக்கோங்க. வயசை அவங்கப்பாவே சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, பெத்தவரு நீங்க. இப்பவாச்சும் எந்திரிச்சு வாங்க."

மெஷினை நிறுத்தினேன். இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பட பொண்ணுங்க. ஒம்பது வயசுங்க" என்றேன்.

அன்றே எங்கள் இருவருக்கும் வேலை போனது. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் மயிலாத்தாளைத் தெருவில் மறித்து, சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று ஏசினார்கள். அவளோ நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து வேலுமணியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள்தான் வேலுமணிக்குப் பேச்சு வந்தது. என்னைக் கண்டதும் மிரண்டுபோய் மயிலாத்தாளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாத்திச் சொல்லலீங்கப்பா. பதினஞ்சுன்னுதானுங்க சொன்னேன். அடிக்காதீங்க."