முள்ளிப்பட்டுக்கு நான் போட்ட வானம்

ஆரணியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். முதலில் லைட் பிடிக்கிற வேலை. லைட் பிடிப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள். கண் கூசி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. பிறகு கடைக்கு கம்ப்யூட்டர் வந்தது. எடிட்டிங் செய்துகொண்டிருந்தவர் சென்னைக்குப் போய்விட, ஓனர் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். அஞ்சாவதோடு படிப்பை விட்டவன் நான். ஸ்கிரீனில் இருந்த இங்கிலீஷ் ஒன்றும் புரியவில்லை. மேலேயிருந்து ஏழாவது வரியை அமுக்கினால் நிறம் மாறும், எட்டாவதை அமுக்கினால் எல்லாம் அழிந்து ஓனர் திட்டுவார் என்று இடத்தை வைத்தே பழகிக்கொண்டேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை வானம் மாற்றுவது. படத்தில் வானம் வெளுத்தோ சாம்பலாகவோ இருந்தால் அந்த நிறத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் அதை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஓட்டை போட்டுவிடும். ஓட்டைக்குப் பின்னால் நமக்குப் பிடித்த வானத்தை வைத்துவிடலாம். கஷ்டமெல்லாம் ஓரத்தில்தான். தென்னை ஓலைகளுக்கு நடுவே பழைய வானம் துணுக்குத் துணுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். மாடிச் சுவரின் விளிம்பு பிசிறடிக்கும். கடைக்கு வருவதற்கு முன்னால் நான் தறியில் உட்கார்ந்தவன். புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டும் சேருகிற இடம் தெரியாமல் கோர்வை போட வேண்டும். அதே வேலையை வானத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில் செய்தேன்.

கடையில் ஒரு சிடியில் ஆறு வானம் வைத்திருந்தோம். ஐந்து வானம் வெளிநாட்டு வானம் மாதிரி ஒரே ஆரஞ்சு. ஒன்றுதான் நம்ம ஊருக்கு ஒத்துவரும். நல்ல நீலத்தில் வெள்ளை மேகங்கள் மெதுவாகப் போகும். அது பத்து செகண்டுதான் ஓடும். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் கடையில் வீடியோ எடுத்த பாதிப் பேர் தலைக்கு மேல் அந்த மேகம்தான் போயிருக்கும்.

ஒரு ஐப்பசியில் முள்ளிப்பட்டில் ஒரு கல்யாணம். வாரம் பூராவும் விட்டுவிட்டு மழை. பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து தெருவில் நடந்து வருவதை, மழை நின்ற அரை மணி நேரத்தில் பிடித்தோம். சின்ன வயதில் பச்சரிசி தின்ற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை வரும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தப் பெண்ணை மணையில் உட்கார்ந்திருக்கும்போதே கேலி செய்தார்கள். வீட்டில் ரேஷன் அரிசியாவது மிச்சம் வைத்தாயா என்று ஒருவர் கேட்டார். ஆரணி அரிசி மில் எல்லாம் மூடினது இவளால்தான் என்றார் இன்னொருவர்.

அடுத்த வாரம் அந்தப் பெண் அவள் அம்மாவோடு கடைக்கு வந்தாள். வீடியோவில் மழை வந்த அடையாளமே இருக்கக் கூடாது என்றாள். கல்யாணத்துக்கு வராத மாமியார் வீட்டுச் சொந்தமெல்லாம் படம் பார்த்துவிட்டு அவளை அரிசி மூட்டை என்று கூப்பிட ஆரம்பித்துவிடுமாம். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா" என்றாள். நான் கீபோர்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நாலு நாள் உட்கார்ந்தேன். குடை தெரிந்த இடங்களை வெட்டி எடுத்தேன். முகங்களை வெயிலுக்குத் தகுந்த மாதிரி பளிச்சென்று ஆக்கினேன். ஓலை ஓலையாகச் சீவி நீல வானத்தை வைத்தேன். முடித்துப் பார்த்தபோது, அன்றைக்குத் தெருவில் நின்று நனைந்த எனக்கே வேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்கு சிடியைக் கொடுக்கப் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். பெண்ணின் சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார், பக்கத்து வீட்டில் தறி போட்டிருப்பவர். ஆனால் அவர் முகத்தில் கல்யாணக் களையே இல்லை. நடு நாற்காலியில் ஆரணியிலிருந்து வந்த பட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவுக்குப் புடவையின் நீள நூலான பாவும் பட்டும் கொடுத்து நெய்ய வைத்து வாங்குகிறவர் அவர். கல்யாண வாரத்தில் பெங்களூரில் இருந்ததால், இப்போது மொய் வைக்க வந்திருந்தார்.

நான் போகும்போதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒத்துக்கொண்ட நாளில் சித்தப்பா புடவை தரவில்லை. பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தினால்தான் தறியில் ஏற்ற முடியும். மழை விடவே இல்லை என்று சித்தப்பா சொன்னார். முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணக் கொண்டாட்டத்தில் வேலையை மறந்துவிட்டு மழைமேல் பழி போடுவதாக நினைத்தார்.

"கல்யாணத்தன்னிக்குக் கூடவா மழை?"

"அன்னிக்கும்தாங்க. பேஞ்சுகினே இருந்துச்சு."

இந்த நேரம் பார்த்து யாரோ என் கையிலிருந்த சிடியை வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

டிவியில் முள்ளிப்பட்டுத் தெரு வந்தது. வெயில் கொளுத்தியது. நீல வானத்தின் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சித்தப்பா புது வேட்டியில் சிரித்துக்கொண்டு வந்தார். முதலாளி டிவியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், திரும்ப டிவியைப் பார்த்தார்.

"இந்த வெயில்ல ஒரு பாவு என்ன, நாலு பாவு காயப் போடலாமே" என்றார்.

மழை பெய்தது நிஜம்தான் என்று வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதுவே வினையாகப் போயிற்று.

"நீங்கல்லாம் ஒரே குடும்பம், அப்படித்தான் சொல்லுவீங்க. கேமரா உங்களுக்கு என்ன சொந்தம்?" என்றவர், சித்தப்பா பக்கம் திரும்பினார். "அடுத்த பாவை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்பா. நீ நல்லா வெயில் காஞ்சுகினு இரு."

சித்தப்பா வீட்டில் இருந்தது ஒரே தறி. பாவு வராவிட்டால் அது வெறும் மரம். புருஷன், பெண்சாதி இரண்டு பேருக்கும் அதுதான் வேலை. அவர் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசலில் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தேன். சொல்ல வேண்டியது நான்தான் என்று எனக்குத் தெரியும். பெண் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

அப்போது சித்தப்பா மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார். "இந்த வாத்து மூணாவது வாட்டி போவுது."

எந்த வாத்து என்றார் முதலாளி. சித்தப்பா வானத்தைக் காட்டினார். மேகம் ஒன்று, கழுத்தும் அலகுமாக, அசல் வாத்து மாதிரியே நீந்திக்கொண்டிருந்தது. நாலு நாளும் ஓரத்தையே பார்த்த நான் நடுவில் போன அதைப் பார்க்கவே இல்லை. அது ஓரமாகப் போய் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நாலாவது தடவையாக வந்தது. ஒரே பூவைப் புடவை முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டு புட்டா நெய்கிற கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, திரும்பப் போட்டேன். வாத்து வந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். திரும்ப வந்தது. திரும்பக் காட்டினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வானம் நான் போட்டதுங்க" என்றேன்.

காதில் விழவில்லை, சத்தமாகச் சொல் என்றார்கள். இரண்டாவது தடவை சொல்வதற்குள் பெண் எழுந்துவிட்டாள்.

"நான்தான் மாத்தச் சொன்னேன். அரிசி தின்னது நானு, போதுமா?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். எத்தனை படி என்று கேட்டார்.

முதலாளி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் வந்தார். புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வானத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாடிச் சுவர் ஓரத்தை நகத்தால் தடவினார். பிறகு தெருவில் இருந்த ஒரு தண்ணீர்க் குட்டையில் விரலை வைத்தார். அதற்குள் பழைய சாம்பல் வானம் அப்படியே கிடந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

"கோர்வை சுத்தமா இருக்குது" என்றார் என்னிடம். "புட்டாவுலதான் கோட்டை விட்டுட்ட."

சித்தப்பாவிடம், நாளைக்கு வந்து பாவு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. காபியை மட்டும் சித்தப்பா கையால் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் சித்தப்பா ஆரணிக்கு வந்து பாவை வாங்கிக்கொண்டு, அப்படியே எங்கள் கடைக்கும் வந்தார். வானம் மாற்றாத படம் இருக்கிறதா என்று கேட்டார். மழை மேகம், குடை எல்லாம் இருப்பதைத் தனியாக ஒரு சிடி போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டில் டிவியே இல்லை. எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சிடி நடு ஓட்டையில் பட்டு நூல் கோர்த்து, தறிக்கு மேலே, முதலாளி உள்ளே வந்தால் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.