இருபது ரூபாய்ப் பத்திரம்

எனக்கும் அவருக்கும் ஒட்டும் உறவும் அற்றுப்போய் இருபத்திரண்டு வருஷம். எங்கள் பக்கம் அப்போது யார் கோர்ட்டுக்குப் போனார்கள்? இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் 'இனி இவர்களுக்குள் எந்தப் பாத்தியமும் இல்லை' என்று எழுதினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். விட்டது சனி என்று சோமனூரில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கோபியில் அரசாங்கக் குமாஸ்தா. ஒரே வருஷத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார், மகராசன்.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. முழங்கால் தேய்ந்து, தறி முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டிருந்தேன். தம்பி வீட்டில்தான் சோறு. தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டில் கை வைக்க வேண்டும். குடும்ப பென்ஷன் கேட்டுப் பார் என்று தம்பி பஸ் ஏற்றிவிட்டான். வெட்கத்தை விட்டுப் போனேன்.

கோபியில் அவர் வேலை பார்த்த ஆபீஸில் அந்த இரண்டாமவளும் மனுவோடு உட்கார்ந்திருந்தாள். கிளார்க் மரியாதையான ஆள். பஞ்சாயத்துப் பத்திரம் இங்கே செல்லாது, கோர்ட் தீர்ப்பு இல்லாததால் நான்தான் இன்னும் மனைவி, அவளுடைய கல்யாணம் கணக்கில் வராது என்று பொறுமையாகச் சொன்னார்.

"நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா அந்தம்மாளுக்குக் கெடைக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"கெடைக்காதுங்க அம்மணி. ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிருமுங்க."

பெரிய மனுஷியாட்டம் கேட்டுவிட்டேனே தவிர, அந்தப் பதிலில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே என் மேலேயே அருவருப்பும் வந்தது. மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தவருக்கு எல்லாம் செய்தவள் அவள்.

"நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்தப் பாத்துட்டுத்தானுங்க்கா எங்கப்பன் என்னையக் கட்டிக் குடுத்தாரு," என்றாள். நானும் அந்தப் பத்திரத்தை நம்பியவள்தான். ஆனால் அதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

கிளார்க் இறப்புச் சான்றிதழ் கேட்டார். என்னிடம் ஏது? அவள் தன் ஃபைலிலிருந்து எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கை வாங்கிக்கொண்டது.

அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். கிளார்க் கொடுத்த விண்ணப்பத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளே என்னிடமிருந்து பேனாவை வாங்கினாள். மனைவியின் பெயர் என்ற இடத்தில், என்னிடம் கேட்டுக் கேட்டு, என் பெயரை எழுதினாள்.