குளிர் அறையில் பால் காய்ச்சியது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் தோசை மா அரைத்து விற்கும் அக்கா ஒருவருக்குக் குளிர் அறை கட்டிக் கொடுத்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, கட்டாரில் ஏசி வேலைக்காரருக்கு ஏணி பிடித்து, திரும்பி வந்து ஒரு மீன் குளிர்சாலையில் வேலைக்கு நின்று, அதையும் விட்டு, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து ஏசி திருத்திக்கொண்டிருந்த காலம். அக்கா வீட்டு ஏசியும் என் கையில்தான் இருந்தது.

அவர் காலையில் அரைக்கும் மா வெக்கைக்குப் பின்னேரமே பொங்கி வாளியை விட்டு வழியும். பாதி வீண். கனடாவில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரச் சொல்லித் தொலைபேசியில் நச்சரிப்பார். அக்காவுக்குப் போக மனமில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு மா தர ஒப்புக்கொண்டிருந்தார்.

"இதுவும் புளிச்சால் நான் பெட்டி கட்டவேண்டியதுதான், தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டுப் பேச்சில்லை.

பின்பக்கச் சாமான் அறையின் சுவரிலும் கூரையிலும் குளிர் வெளியே போகாதபடி ரிஜிபோம் என்னும் வெள்ளை நுரை அட்டை ஒட்டி, பழைய ஏசி ஒன்றையும் பூட்டிவிட்டேன். ரிஜிபோமின் மேல், உள்பக்கம் எதைப் போடுவது என்பதில்தான் இழுபறி. தச்சுவேலைக்கு வந்த சிங்களப் பாஸ் பலகை ஒட்டி எனாமல் பூசலாம் என்றார். ஈரத்தில் பலகை ஊதிப்போவதை மீன் குளிர்சாலையில் பார்த்தவன் நான். தகரம் போட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். அக்காவுக்குக் குசினி மாதிரி டைல்ஸ் வேண்டும். ரிஜிபோமில் டைல்ஸ் நிற்காது. நான் அலுமினியத் தகடு என்றேன்.

அக்கா உள்ளே போய் ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அடி கறுத்துக் கிடந்தது.

"புளிச்ச மா பட்ட சட்டி. என்ர சுவரும் இப்பிடிக் கிடக்கவேணுமோ?"

"எதைச் சொன்னாலும் குத்தம் சொல்றீங்களேக்கா!"

"கட்டிப்போட்டு நீ போயிடுவாய். கழுவப்போறது நான்."

கடைசியில் சீலிங்குக்கு அடிக்கும் வெள்ளை பிவிசி பட்டிகளை வாங்கினோம்; தரைக்கு வளையக்கூடிய பிவிசி தகடு ஒன்று. கழுவலாம், கறுக்காது, துருவாது. பட்டிக்குப் பட்டி உள்ள இடுக்கெல்லாம் நானே சிலிக்கன் இழுத்தேன். வேலை எனக்குத் திருப்திதான்.

சனிக்கிழமை காலை ஏசியைப் போட்டு அறையைக் குளிரவிட்டேன். இனி மாவை அரைத்து வாளிகளைத் தூக்கி வைக்கலாம் என்று நினைக்கும்போது அக்கா காஸ் அடுப்பும் புதுச் சட்டியுமாக வந்து நின்றார்.

"என்னக்கா இது?"

"புது அறையெல்லோ. பால் காய்ச்சாமல் ஒரு வாளியும் உள்ள போகாது."

"ஐஸ் ரூமுக்குள்ள அடுப்பா? யாராவது கேட்டா சிரிப்பாங்கக்கா."

பாஸ் எனக்குத் துணைக்கு வருவார் என்று பார்த்தேன். அவரோ, "கிரி உதுரவன்ன ஓனே, மல்லி" என்றார். பால் பொங்கத்தான் வேண்டுமாம், தம்பி. அவர் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

காற்று நெருப்பை அணைக்கிறது என்று அக்கா கதவையும் சாத்திக்கொண்டார். பால் லேசில் பொங்கவில்லை. பொங்கி முடிந்து அவர் இருமிக்கொண்டு வெளியே வந்தபோது உள்ளே பனிமூட்டம் மாதிரி ஒரே புகார். குளிர்ந்த சுவரில் ஆவி பட்டுத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. எனக்கு எரிச்சல். துணியோடு உள்ளே போய்க் குந்தினேன்.

துடைக்கத் தரையில் தண்ணீர் இல்லை. சுவரில் அவ்வளவு இறங்குகிறது, கீழே ஒரு சொட்டும் தேங்கவில்லை. அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். தரைத்தகட்டின் ஓரத்தை மேலே மடித்து, பட்டிகளை அந்த மடிப்புக்குப் பின்னால் இறக்கியிருந்தோம். முன்னால் வந்திருக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் மடிப்புக்குப் பின்னால், ரிஜிபோமுக்குள் போய்க்கொண்டிருந்தது. தினமும் கழுவும் தண்ணீரும் மாவும் அப்படியே போயிருக்கும். ஊறி நாறத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும்; அப்போது முழுச் சுவரையும் உடைக்க வேண்டும்.

"அக்கா, வாளியைக் கொண்டுவராதீங்க" என்று கத்தினேன்.

பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, கூரை ஓடுகளைத் தலைகீழாப் போட்ட மாதிரி" என்று தலையில் கைவைத்தார். அவரும் நானும் பட்டிகளின் கீழ்ப்பக்கத்தை அறுத்தோம். ஈரம் துடைத்து, மடிப்பின் முன்னால் விழும்படி புதிய துண்டுகளைச் செருகி, சிலிக்கன் காயும்வரை விசிறி வைத்தோம். அக்கா ஒரு சொல் ஏசவில்லை. பொங்கிய பாலில் மிச்சத்தைத் தேத்தண்ணீராக்கிக் கொண்டுவந்தார். அதுவரை பொறுத்திருந்து அக்கா மாவை அரைக்க, இருட்டும் நேரம் வாளிகள் உள்ளே போயின. சுவரில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினேன். அது நேரே தரைக்கு வந்து என் காலை நனைத்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

ஞாயிறு விடிய முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். அக்கா கதவைத் திறந்து முதல் வாளியின் மூடியைத் தூக்கினார். மா வைத்த மட்டத்திலேயே நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பச்சைப்பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றார்.

கல்யாணவீட்டு வேன் வந்து வாளிகளை ஏற்றும்போது மகனின் அழைப்பு வந்தது. அக்கா ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டே தொலைபேசியைக் காதில் வைத்தார்.

"ஓம் ஓம், நான் நல்லா இருக்கிறன். வாறதைப்பற்றி இப்ப கதைக்காத, ராசா. இஞ்ச ஆக்கள் நிக்கினம்."